கைக்குழந்தையோடு குரோஷே: கொழும்பு வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கியால் நூல் பின்னும் குரோஷேயில், இணையத்தில் கிடைக்கும் குழந்தை மாதிரிகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் ஊர்களில் எழுதப்பட்டவை. எழுதியவரின் இரண்டு கைகளும் ஓய்வாக இருந்திருக்கின்றன என்பதும் வாசிக்கும்போதே தெரியும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீட்டில் பிள்ளையோடு தனியே இருப்பவருக்குக் குளிரும் இல்லை, ஓய்ந்த கைகளும் இல்லை. அந்த மாதிரிகளை அப்படியே பின்பற்றுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் நூல். பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் கனடாவிலிருந்து ஒரு சித்தியோ லண்டனிலிருந்து ஒரு மாமியோ பை நிறையக் கம்பளி நூல் அனுப்பிவிடுவார். தொட்டால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. பெரியவர்களைப்போல வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் பச்சைக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. கம்பளியிலோ அக்ரிலிக் என்ற செயற்கை நூலிலோ பின்னிய சட்டையைப் போட்டால் முதலில் வேர்க்குரு வரும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று: உடல் அளவுமீறிச் சூடாவது, திடீர் சிசு மரணத்துக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று. சித்தியின் நூலை நுவரெலியாப் பயணத்துக்கு ஒரு மேற்சட்டையாக்கலாம். வீட்டில் போடுவதற்குப் பருத்தி நூல்தான், அதுவும் 4 பிளை என்ற மெல்லிய தடிப்பு அல்லது அதைவிட மெல்லியது, கொக்கி 2.5 முதல் 3.5 மில்லிமீற்றர் வரை. லேபல் இல்லாத நூலை ‘கொட்டன்’ என்று கடைக்காரர் சொன்னால், பிள்ளை இல்லாத அறையில் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல் மணந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாகத் திரண்டுவிடும்.

தொப்பி விடயத்தில் அம்மம்மாக்களோடு மோத வேண்டியிருக்கும். உச்சியில் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். பச்சைக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது. மிஞ்சிய சூட்டில் கணிசமான பங்கு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட உறக்க வழிகாட்டல், பிறந்த முதல் சில மணித்தியாலங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் தொப்பி வேண்டாம் என்றே சொல்கிறது. இதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டிப் பயனில்லை. அவருடைய கையை எடுத்துப் பிள்ளையின் பிடரியில் வையுங்கள். ஈரமாக இருந்தால் அவரே தொப்பியைக் கழற்றிவிடுவார்.

போர்வையும் அப்படித்தான். எல்லோரும் முதலில் தொடங்குவதும் அதுதான், பாதியில் கிடப்பதும் அதுதான். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் தொட்டிலில் தளர்ந்த போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக்கூடாது. ஏணையில் வளர்த்தினாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பின்னியே தீருவேன் என்றால் தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புற விட்டு விளையாட்டுக் காட்டும் விரிப்பாகப் பின்னுங்கள். ஓட்டைகள் பெரிய சரிகைப் பின்னல் வேண்டாம், சின்ன விரல்கள் அதில் மாட்டும்.

விரல் என்றதும் காலுறைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை. வெளியே அழகாக இருக்கும் காலுறையை உள்ளே புரட்டினால் சொருகாமல் விட்ட நூல் நுனிகளும் முடிச்சுகளும் தொங்கும். உதைக்கும் காலில் அப்படி ஒரு நூலோ, தாயின் உதிர்ந்த தலைமயிரோ விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தலைமயிர் கொத்தாகக் கொட்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டு அழுதால் கால்விரல்களையும் கைவிரல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கியிருந்து, நூல் இலகுவில் கழராவிட்டால் வீட்டில் கிண்டிக்கொண்டிருக்காமல் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு போங்கள். பின்னி முடித்ததும் நூல் நுனியை 15 சென்ரிமீற்றராவது விட்டு வெட்டி, திசை மாற்றி மாற்றி மூன்று தடவை சொருகினால் அது வெளியே வராது. கையுறைக்கும் இதே விதி, ஆனால் கையுறையே தேவையில்லை என்பது என் கட்சி. நகத்தை வெட்டிவிட்டால் போதும்.

கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா, பட்டன் கண் வைத்த பொம்மை, மணி கோத்த கிலுகிலுப்பை, மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். பொம்மைக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கண்கள்கூட மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றவை அல்ல. பின்னல் இழுபட்டால் கண் கழன்று வரும். கண்ணை நூலால் தையுங்கள். சூப்பியைச் சட்டையில் மாட்டும் பட்டி 22 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. மரமணியும் குரோஷேயும் சேர்த்துச் செய்யும் பல்முளைக்கும் மாலை பார்க்க அழகுதான். மூச்சுத்திணறல் ஆபத்தால் அத்தகைய மாலைகளைப் போட வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது.

அளவில் நடக்கும் தவறு நேரத்தோடு சம்பந்தப்பட்டது. பிறக்கும்போது சுமார் 35 சென்ரிமீற்றராக இருக்கும் தலைச்சுற்றளவு ஆறு மாதத்தில் 43ஐ ஒட்டிவிடும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் போடலாம் என்று தொடங்கிய சட்டை, நீங்கள் முடிக்கும்போது பிள்ளையின் தோளில் ஏறாது. அதனால் எப்போதும் அடுத்த அளவைப் பின்னுங்கள். பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கை இலக்காக வைத்தால் நிம்மதியாக முடிக்கலாம். இன்னொன்று, மாதிரி அமெரிக்காவுடையதா பிரித்தானியாவுடையதா என்று பாருங்கள். அமெரிக்கர் ஒற்றைக் குரோஷே என்று எழுதும் பின்னலைப் பிரித்தானியர் இரட்டைக் குரோஷே என்று எழுதுவார்கள். மாதிரியில் ஒற்றை என்ற பெயர் வந்தாலே அது அமெரிக்க முறை. கவனிக்காவிட்டால் பின்னலின் உயரம் எங்கேயோ போய்விடும்.

இனிக் கைகள். 84 நாள் பிரசவ விடுமுறையைப் பார்த்து ஒரு பெரிய திட்டம் போடுபவர்களுக்கு, அந்த நாட்களில் தொடர்ந்து அரை மணித்தியாலம் கிடைப்பதே அரிது என்று யாராவது சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறினால் குலைந்துபோகும் வட்டப் பின்னலும் பூ வேலையும் இக்காலத்துக்கு ஆகாது. ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பின்னும் வேலையை எடுங்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் கண்ணியை நீளமாக இழுத்து ஊக்கு ஒன்றைக் குத்தி, எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டு எழும்பலாம். மூடி முக்கியம். நான்கு மாதத்துப் பிள்ளை கைக்கு எட்டியதைப் பிடித்து வாயில் வைக்கும், ஊக்கும் கத்தரியும் கட்டிலில் கிடக்கக்கூடாது. மடியில் பால் குடிக்கும் பிள்ளையின் முகத்துக்கு மேலே உலோகக் கொக்கியை ஆட்டுவதைத் திறமை என்று காணொளியில் காட்டுகிறார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மணிக்கட்டையும் கவனியுங்கள். பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கித் தூக்கி, கட்டைவிரலுக்குக் கீழே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கும் ஒரு நோய் புதுத் தாய்மாருக்கு அடிக்கடி வருகிறது. 1895இல் அதை விவரித்த சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவெர்வெயினின் பெயரே அதற்கும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுள்ளென்று வலித்தால் கொக்கியை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் பூசிக்கொண்டு தொடர்ந்து பின்னினால் வலி கூடத்தான் செய்யும், பிறகு பிள்ளையைத் தூக்குவதே சிரமமாகும்.

பின்னிய பருத்தியை அணிவிக்கும் முன் ஒருமுறை கழுவி, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பாருங்கள். மழை மாதங்களில் அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், தொங்கவிட்டால் நீண்டு தொய்யும். மின்விசிறிக்குக் கீழே துவாயில் விரித்துக் காயவிடுவது நல்லது.

படம் ஒன்றை முகநூலில் போட்டதும், எனக்கும் ஒரு சோடி பின்னித் தருவீர்களா, என்ன விலை என்று கேள்விகள் வரத் தொடங்கும். பணம் உதவும்தான், ஆனால் முதல் ஆறு மாதம் திகதி குறித்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரம் என்பவரை வெள்ளவத்தைக் கடையில் வாங்கச் சொல்லிவிடலாம்.