கண்மாயில் கிடக்கும் தண்ணீரைச் செயற்கைக்கோள் படத்தால் கணக்கிடும் முறை

செயற்கைக்கோள் படம் கண்மாயின் நீர்ப்பரப்பைக் காட்டுமே தவிர ஆழத்தைக் காட்டாது. ஆகவே, கொள்ளளவு தெரிய வேண்டுமானால், கணினியைத் திறப்பதற்கு முன் மடைத் தூணில் சென்டிமீட்டர் கோடுகள் வரைந்துவிடுவது நல்லது.

படத்துக்குச் செலவில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 100 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். கரையோரப் புள்ளிகள் பாதி நீரும் பாதி நிலமுமாக இருக்கும் என்பதால், சிறிய ஊருணிகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில், கரையையும், நீர் தேங்கும் உட்பகுதியான உள்வாயின் எல்லையையும் ஒட்டி ஒரு பலகோணம் வரைந்துகொள்ள வேண்டும். இல்லையேல், நடவுக்கு நீர் கட்டிய ஆயக்கட்டு வயல்களும் கண்மாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு, பி3 என்னும் பச்சை அலைவரிசையிலிருந்து பி8 என்னும் அண்மை அகச்சிவப்பைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இந்த நீர்க் குறியீடு சுழியத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை நீர் என்று கொண்டு தொடங்கலாம். முதல் மழையின் கலங்கல் நீரில் இது பிசகும். அப்போது பி8-க்குப் பதிலாக பி11 என்னும் குற்றலை அகச்சிவப்பை எடுத்தால், அதன் புள்ளி 20 மீட்டர் அகலமானது என்றாலும், நீர் தெளிவாகப் பிரியும். கருவேல மரங்களும் ஆகாயத்தாமரையும் மூடிய இடத்தை எந்தக் குறியீடும் நிலமென்றே சொல்லும். அங்கே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இனி ஆழம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் என்னும் தரை உயரத் தரவைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 3 மீட்டர் ஆழமுள்ள கண்மாய்க்குப் பல மீட்டர் பிழையுள்ள தரவு எதற்கு? அன்று தண்ணீர் கிடந்த கண்மாய்களில் அது அளந்தது நீர்மட்டத்தையே, தரையை அன்று. அதைவிட, மழை ஓய்ந்து வானம் தெளிந்த தை, மாசி மாதங்களில் நீர் வற்ற வற்ற, படம் எடுக்கப்படும் நாள்தோறும் மடைத் தூணின் மட்டத்தைக் குறித்துவருவதே மேல். எடுத்துக்காட்டாக, மட்டம் 1.7 மீட்டராக இருந்தபோது 12 ஹெக்டேரும், 1.2 மீட்டருக்கு இறங்கியபோது 8 ஹெக்டேரும் நீர்ப்பரப்பு என்றால், இரு பரப்புகளையும் அவற்றின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தையும் கூட்டி, மட்ட வேறுபாட்டால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர் என்று கொண்டால், ஏறத்தாழ 49,700 கன மீட்டர், அதாவது 1.75 மில்லியன் கன அடி, குறைந்திருக்கிறது. கண்மாய் வற்றும்வரை இவ்வாறு அடுக்கடுக்காகக் கூட்டினால் அதற்கென ஓர் அட்டவணை அமைந்துவிடும். அடுத்த ஆண்டு முதல் படத்தின் பரப்பைக் கொண்டே கொள்ளளவைப் படித்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைக்கும் வாரங்களுக்கு, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. காற்றில் அலையடிக்கும் நீரை அது நிலமாகக் காட்டக்கூடும் என்பதால் ஐயமுள்ள நாளை விட்டுவிடலாம். உள்வாயில் வண்டல் அள்ளிய ஆண்டில் பழைய அட்டவணை செல்லாது. மட்டத்தையும் பரப்பையும் புதிதாகக் குறிக்க வேண்டும்.