சின்ன அறிபுனை மாநாட்டுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

திருகோணமலை அளவிலான ஊரில் அறிபுனை (அறிவியல் புனைகதை) வாசகர் மாநாடு என்றால் ஒரு மண்டபம், முப்பது நாற்பது கதிரை, ஒரு பகல். சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வர அங்கே இடமில்லை. நாலு பேர் வாய் திறக்காவிட்டால் அமர்வே படுத்துவிடும்.

1. முன்பதிவு. கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். சாப்பாட்டுப் பார்சலும் கதிரையும் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படும். பெயர் அட்டையில் உங்களைக் கூப்பிட வேண்டிய பெயரை மட்டும், இரண்டு மீற்றர் தள்ளி நின்று வாசிக்கிற அளவில் எழுதுங்கள்.

2. வாசிப்பு. நிகழ்ச்சி நிரலில் உள்ள கதைகளில் இரண்டையாவது முடித்துவிட்டுப் போங்கள். கேள்வி நேரத்தில் ஒரு வசனம், ஒரு கேள்வி. “கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று தொடங்குகிறவர் ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடுவார். கதையின் முடிவைச் சொல்லுமுன் பக்கத்தில் இருப்பவர் வாசித்துவிட்டாரா என்று கேளுங்கள். பேச்சைத் தொடங்க வழி தெரியாவிட்டால் ஆங்கில அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை இழுங்கள்: 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர், நண்பர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையடிக் கடலில் சுழியோடி, பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர். இந்த ஊரில் அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் நகரமாட்டார்கள்.

3. வேடம். கதைப் பாத்திரம்போல வேடம் போடுவது கட்டாயமில்லை, போடுவதென்றால் இங்கேதான் அதிகம் பிழை வரும். கவசத்துக்குச் சிறுபிள்ளைகள் விளையாடும் ஃபோம் பாய் போதும். செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், காயவிட்டு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மூட்டு வழுக்கும். அதே பசையை ரெஜிபோமில் (தெர்மாகோல்) பூசாதீர்கள், கரைந்து குழியாகிவிடும். அதற்கு வெள்ளைப் பசை, ஓர் இரவு காயவேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியதை மத்தியானம் பூட்டிய வாகனத்துக்குள் விட்டால் இளகிக் கழன்றுவிடும். தலைக்கவசத்தில் வாய்க்கு நேரே இரண்டு துளை போடாவிட்டால் கண்ணாடி மூச்சில் மங்கும். விளையாட்டுத் துப்பாக்கி இருந்தால் பைக்குள் மூடி வைத்து, மண்டபத்துக்குள் மட்டும் எடுங்கள். இடைவேளையில் கோணேசர் கோயிலுக்குப் போக நினைத்தால் வேடத்தைக் கழற்றிவிட்டே போங்கள். பாதை பிரெட்ரிக் கோட்டை இராணுவ முகாமுக்குள்ளால் போகிறது.

4. படம் எடுப்பது. கேட்டுவிட்டு. வேறொன்றுமில்லை.

5. புத்தக மேசை. மாற்றக் கொண்டுபோகும் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் பெயர் எழுதுங்கள். கார்த்திகை மார்கழியில் நடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஷொப்பிங் பையில் சுற்றுங்கள். வாடைக்காற்று மழை ஜன்னலுக்குள்ளாலும் அடிக்கும்.

வெளியூரிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாநாட்டுக்காரரின் பழைய கணக்கு ஒன்று: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளிப்பு. திருகோணமலை வெக்கைக்குக் குளிப்பை இரண்டாக்குங்கள்.

முடிந்ததும் ஓடாதீர்கள். குறித்த நேரத்தில் மண்டபத்தைக் கொடுக்காவிட்டால் மேலதிக வாடகை கேட்பார்கள், ஆகவே கதிரை அடுக்கக் கை கொடுங்கள். அடுத்த மாநாட்டை எப்போது, யார் வீட்டு மொட்டைமாடியில் திட்டமிடுவது என்ற பேச்சும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.