தலைவர் இல்லாப் போராட்டங்களைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மே 9ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியால் அரசுக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரமிட்டிருந்த போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். மறுநாள் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்ற செய்தி பரவியதும், தளத்தின் முன்னால் மக்கள் திரண்டனர். இத்தகைய திரட்சியைக் கண்டவுடன் "இவர்களை அனுப்பியது யார்?" என்று கேட்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். மேலிருந்து கட்டளை வராமல் கீழே எதுவும் அசையாது என்று பழகிய அதிகார மனம், தன்னுடைய அமைப்பு முறையையே தன்னை எதிர்ப்பவர்களிடமும் தேடுகிறது. தலைவர் கண்ணில் படாவிட்டால் அவர் ஒளிந்திருக்கிறார் என்று முடிவுகட்டுமே தவிர, அப்படி ஒருவர் இல்லை என்று ஏற்காது.

அதே ஆண்டு மார்ச் 31 இரவு, மிரிஹானவில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டருகே மக்கள் கூடியபோது, பின்னணியில் தீவிரவாதக் குழு இருப்பதாக ஜனாதிபதி ஊடகப் பிரிவு அறிவித்தது. அந்நாட்களில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2021இல் விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், மூதூர் விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரே நெருக்கடி எல்லா வீடுகளுக்குள்ளும் ஒரே காலத்தில் நுழையும்போது, வெளியே வாருங்கள் என்று தனியாக எவரும் சொல்ல வேண்டியதில்லை.

கைதுகளால் விடயம் முடிந்துவிடும் என்று நம்புவதும் இந்த மனத்தின் தொடர்ச்சியே. 2022 ஜூலை 22 அதிகாலை காலிமுகத்திடலுக்குள் படையினர் புகுந்தனர். அடுத்த மாதம் மாணவத் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். கூடாரங்கள் அகன்றன, கோபம் அகலவில்லை. 2020 பொதுத் தேர்தலில் 145 ஆசனங்களை வென்ற, ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன, 2024இல் 3 ஆசனங்களுக்குச் சுருங்கியது. எங்கள் மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2024 மே மாதம் சம்பூரில், இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வழங்கியவர்கள் கைது செய்யப்பட்டனர். அரிசியும் தண்ணீரும் ஒரு பானையும் இருந்தால் எந்த ஊரிலும் காய்ச்சக்கூடிய கஞ்சிக்குத் தலைமையகம் கிடையாது. அதே மாதம் வடக்கிலும் கிழக்கிலும் வேறு பல இடங்களில் அது காய்ச்சப்பட்டது. இதற்கும் "புலம்பெயர் பணம்" என்று காரணம் சொல்பவர்கள், இறந்தவர்களை நினைப்பதற்குத் தாய்மாருக்கு எவருடைய பணமும் தேவையில்லை என்பதை ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தில், தலைவர் இல்லை என்றால் அமைப்பே இல்லை என்று போராட்டத்தை நேசிப்பவர்கள் கருதுவதும் பிழை. காலிமுகத்திடலில் சமையற்கூடம், நூலகம், முதலுதவிக் கூடாரம் எல்லாம் இயங்கின. மாணவர் ஒன்றியங்களும் தொழிற்சங்கங்களும் அங்கு உழைத்தன. இல்லாதிருந்தது, அனைவருக்கும் கட்டளையிடக்கூடிய ஒருவர் மட்டுமே. அதற்கு ஒரு விலையும் உண்டு. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில், ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் 21ஆம் திகதி வந்த பிறகும், எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. 23ஆம் திகதி பொலிஸார் பலவந்தமாகக் கலைத்தனர். நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று மணலில் எஞ்சியிருந்தவர்கள் கேட்ட சட்டத் திருத்தம், அன்று மாலையே தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது.