உறைந்துபோகும் பிள்ளை: வகுப்பாசிரியருக்கு

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் 'பிடிவாதம்' என்று தள்ளிவிடுவது சுலபம். பயந்த உடம்பு பாயும், ஓடும், அல்லது உறைந்துபோகும். பாய்வதும் ஓடுவதும் அதிபரின் அறைவரை போய்விடும். உறைந்த பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் தவணை முழுக்கக் கண்ணில் படாது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பள்ளிகளில் இப்போது படிப்பவர்கள் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். என்றாலும் கடல் இரைந்தால் அம்மம்மா வாசலுக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. மாரி வெள்ளம், வெளிநாட்டில் வேலைக்குப் போன அம்மா, குடித்துவிட்டு வரும் அப்பா என்று வேறு பாரங்களும் இருக்கலாம். எது காரணம் என்று துப்பறிவது ஆசிரியர் வேலையல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும்.

ஆகவே தினமும் வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்று, கரும்பலகையின் ஒரே மூலையில் அன்றைய பாட ஒழுங்கை எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் லீவு என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். மேசையில் டஸ்டரால் அடித்து வகுப்பை அமைதிப்படுத்தும் பழக்கத்தை விடுங்கள். பிரம்பும் வேண்டாம். உடல் தண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை வந்து எத்தனை வருசமாயிற்று! அடிக்காமல் பிரம்பை மேசையில் வைத்திருந்தாலும் பயந்த பிள்ளையின் கண் அதிலேதான் இருக்கும், பாடத்தில் இராது.

தகரக் கூரையில் மழை கொட்டும்போதோ பட்டாசு வெடிக்கும்போதோ பிள்ளை உறைந்தால், பின்னாலிருந்து போகாதீர்கள், தொடாதீர்கள். பக்கவாட்டில், அதன் கண்மட்டத்துக்குக் கீழே குந்துங்கள். "நான் பக்கத்துலதான் இரிக்கன் மனே. ஒண்டும் சொல்லத் தேவல்ல." அவ்வளவு போதும். பிறகு இரு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடட்டும். கண்ணை மூடச் சொல்வதுதான் பலர் விடும் பிழை. மூடியதும் சில பிள்ளைகளுக்குப் பழைய காட்சிகள் வந்துவிடும். மாறாக, வகுப்பில் நீல நிறத்தில் உள்ள ஐந்து பொருட்களைத் தேடச் சொல்லலாம். ஒரு மிடறு தண்ணீர். ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, கொப்பி அடுக்குவது போன்ற சின்ன வேலை கொடுங்கள். "என்ன நடந்தது?" என்று எல்லார் முன்னும் கேட்கவே வேண்டாம்.

'என்னால் மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை கொடுத்தால், கூடவே இன்னொரு தலைப்பும் கொடுங்கள். 'என் அம்மா'வுக்கும் அதேதான்.

தானாகவே ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால், "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுவிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே அன்றைக்கே எழுதி அதிபரிடம் கொடுங்கள். சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழைக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும் இருக்கிறார். ஆசிரியர் ஓய்வறையில் அந்தக் கதையைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. சின்ன ஊரில் பிள்ளை வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விடும்.