ஐந்தே தட்டில் லத்தீன் ஹவுஸ் பீட்

இசை அமைக்கும் மென்பொருளில் எஃப்எல் ஸ்டூடியோவோ ஏபிள்டன் லைவோ, எது இருக்கிறதோ அதைத் திறந்து வேகத்தை 125 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 125 தாள அடியில், வையுங்கள். ஒரு பாருக்கு, அதாவது நான்கு தாள அடி கொண்ட ஒரு சுற்றுக்கு, 16 கட்டம். 1, 5, 9, 13இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் கனத்த அடி), 3, 7, 11, 15இல் ஓப்பன் ஹை-ஹாட் (திறந்த ஜோடி சிம்பலின் சத்தம்). இது வெறும் ஹவுஸ் நடன இசை, எல்லோருக்கும் வந்துவிடும்.

அடுத்துதான் விஷயமே. கியூபாவில் இரண்டு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி வாசிக்கிற தாளம் கிளாவே. அதில் சோன் கிளாவே என்பதற்கு ஐந்தே தட்டு: 1, 4, 7, 11, 13. கணினியில் போடுவதற்கு முன் காலால் கிக்கைத் தட்டிக்கொண்டே கையால் இதை மேசையில் தட்டிப் பாருங்கள், முதல் பத்து நிமிடம் கால் கையின் பின்னாலேயே ஓடும், எனக்கும் ஓடியது. 1, 13 கிக்கோடு விழுகின்றன, 7, 11 ஹை-ஹாட்டோடு விழுகின்றன, அந்த 4 மட்டும் யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. இடுப்பை இழுப்பது அதுதான். 7ஐ எடுத்து 8இல் வைத்தால் ரும்பா கிளாவே. இப்போது தனியாக நிற்பது இரண்டு, பீட் லேசாகத் தடுக்கி விழுந்து எழுவது போலிருக்கும்.

அப்புறம் கொங்கா, கையால் வாசிக்கிற உயரமான கியூபா டிரம். 3, 11இல் ஸ்லாப் (சுள்ளென்ற அறை), 7, 8, 15, 16இல் திறந்த அடி, தும்-தும் என்று ஜோடியாக. கொங்காவின் சத்தத்தில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கிக்கோடு முட்டும்.

ஷேக்கர் (குலுக்கி வாசிப்பது) 16 கட்டத்திலும் வரலாம், ஆனால் ஒவ்வொரு அடியின் வெலாசிட்டியையும், அதாவது அடியின் பலத்தையும், மாற்றுங்கள், ஸ்விங் (இரட்டைப்படைக் கட்டங்களைக் கொஞ்சம் தாமதமாக்குவது) 55 சதவீதம் போதும். நான் முதலில் எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் வைத்து, கூடவே டிம்பாலே (குச்சியால் அடிக்கும் ஜோடி டிரம்), கவ்பெல் (மாட்டு மணி), குயிரோ (சுரண்டி வாசிக்கும் சுரைக்காய்) என்று அடுக்கியதில் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஆகிவிட்டது. நியூயார்க்கின் ஹவுஸ் தயாரிப்பாளர்களான மாஸ்டர்ஸ் அட் வொர்க் ஜோடி, லூயி வேகாவும் கென்னி டோப்பும், 1997இல் நுயோரிக்கன் சோல் என்ற பெயரில் போட்ட ஆல்பத்துக்கு டிம்பாலே மேதை டிட்டோ புவென்டேயையே கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள். மனிதக் கை அடிக்கும்போது எந்த இரண்டு அடியும் ஒன்று போல இருக்காது, அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் மவுஸால் வரைகிறோம்.

டிம்பாலே உருட்டலை 8 பாருக்கு ஒருமுறை, கடைசி இரண்டு கட்டத்தில் மட்டும் விடுங்கள். முதல் 32 பார் தாளம் மட்டும் இருந்தால்தான் டிஜே முந்தைய பாட்டோடு கலக்க முடியும், பியானோ அதுவரை காத்திருக்கட்டும்.