பைத்தானில் இன்புட் வாங்கும்போது

5, 3 என்று இரண்டு எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 8 வராமல் 53 வருகிறதா? பைத்தான் 3-இல் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான், அதாவது எழுத்துத் தொடரைத்தான் தரும். ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கும் வரியிலேயே இன்ட் போட்டு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

கூட்டலில் தவறு உடனே தெரிந்துவிடும். ஒப்பிடும்போதுதான் ஆபத்து. ஸ்ட்ரிங்காக இருக்கும் 9, 10-ஐவிடப் பெரியது. முதல் எழுத்தை மட்டும் பார்த்தே முடிவு செய்துவிடும், எரர் எதுவும் காட்டாது.

சரி, இன்ட் போட்டாயிற்று. இன்ட் முழு எண்ணுக்கு மட்டும்தான்; யாராவது 12.5 என்று அடித்தால் வேல்யூ எரர், அதாவது மதிப்பு பொருந்தவில்லை என்ற பிழை வரும். தசமம் வரக்கூடிய இடத்தில் ஃப்ளோட் போடுங்கள். 1,000 என்று காற்புள்ளியோடு அடித்தால் இரண்டுமே ஏற்காது. முதலில் ரிப்ளேஸ் வைத்துக் காற்புள்ளியை நீக்க வேண்டும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் கவலையில்லை. ௧௨ என்று தமிழ் எண்ணில் அடித்தாலும் இன்ட் அதை 12 என்றே எடுத்துக்கொள்ளும், சோதித்துப் பாருங்கள்!

எழுத்துகளை அடித்தால்? வைல் ட்ரூ லூப்புக்குள் (நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) ட்ரை போட்டு, எண் சரியாக வந்தால் பிரேக் போட்டு வெளியேறுவது, வேல்யூ எரர் வந்தால் எக்ஸெப்ட்டில் பிடித்து மறுபடி கேட்பது. எக்ஸெப்ட்டுக்குப் பக்கத்தில் வேல்யூ எரர் என்று பெயரையும் எழுதுங்கள். வெறும் எக்ஸெப்ட் மட்டும் இருந்தால் நிறுத்துவதற்காகக் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிரல் நிற்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரே வரியில் இரண்டு எண்கள் வேண்டுமென்றால் இடைவெளி விட்டு அடித்ததை ஸ்ப்ளிட் போட்டுப் பிரித்து, மேப் வைத்து ஒவ்வொன்றையும் இன்ட் ஆக்குங்கள்.