கச்சான் காலமும் கெக்கோவின் கால்விரலும்

கச்சான் காற்று தொடங்கினால் மட்டக்களப்பில் கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்துவிடும். நாங்கள் வீட்டில் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லிக்கும் அந்தக் காலம்தான் தலையிடி, வறண்ட காற்றில் அதன் பழைய தோல் லேசில் உரியாது. இந்த முறை உடம்புத் தோலைக் கழற்றித் தின்றும் விட்டது (அது அதன் வழக்கம், பயப்படத் தேவையில்லை). பின்னங்கால் விரல்களில் மட்டும் தோல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு விரலிலும் நூல் சுற்றிக் கட்டினமாதிரி இறுக்கம். அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் கறுத்து விழுந்துவிடும்.

மகள் இடுக்கியைக் கொண்டு வந்தா, நான் விடவில்லை. காய்ந்த தோலை இழுத்தால் கீழே உள்ள புதுத்தோலும் சேர்ந்து கிழியும். மூடியில் துளையிட்ட ஐஸ்கிறீம் டப்பாவில், வயிறு மூழ்காத அளவுக்கு, ஏறக்குறைய 30 பாகை வெதுவெதுப்பில் தண்ணீர் விட்டுக் கால் மணித்தியாலம் இருக்கவிட்டேன். பிறகு நனைத்த பஞ்சுக்குச்சியை விரலடியிலிருந்து நுனிப்பக்கமாக மெல்ல உருட்ட, தோல் சுருண்டு வந்தது. ஓரத்து விரல் மட்டும் மசியவில்லை. அதற்கு அடுத்த நாளும் தண்ணீர் வைக்கத்தான் வேண்டியிருந்தது.

கண்ணிமைக்குள் தோல் சிக்கியிருந்தால் நீங்களாகக் கைவைக்காதீர்கள், மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இப்போது அதே டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த தும்புத்தூள் போட்டு, கூட்டின் சூடான பக்கம் வைத்திருக்கிறேன். தோல் உரிக்கும் நேரம் நெருங்கி நிறம் மங்கத் தொடங்கினதும் கெக்கோ தானாகவே உள்ளே போய்ப் படுத்துவிடும். தும்புத்தூளை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.